பள்ளிக்கு முன் இடது

றோட்டில் அம்பு போடுவது சின்ன வேலைதான். ஒரு வாளி வெள்ளைப் பெயின்ற், தகரத்தில் வெட்டிய அச்சு, ஒரு பிரஷ். திரும்ப வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் அச்சைத் தரையில் வைத்துப் பூசிவிட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். சைக்கிள் ஓடுகிறவர்கள் தலையைக் குனிந்துகொண்டு வருவார்கள், பலகையைப் பார்க்கமாட்டார்கள், அதனால் அம்பு தரையில்தான் கிடக்க வேண்டும் என்று அஸீம் சொல்லியிருந்தார்.

அஸீம் கிண்ணியாவில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். மூன்று வருடமாகக் கொழும்பில் இருந்தும் கண்டியில் இருந்தும் வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு, மெல்லிய டயர் போட்ட சைக்கிள்களில் எங்கள் மாவட்டத்தைச் சுற்றிக் காட்டுகிறார். பெரிய றோட்டால் இல்லை. வயல் கரையாலும் குளக்கட்டாலும், ஏறி இறங்கி ஏறிப் போகிற உள்றோட்டுகளாலும். அவர்களுக்கு அந்த ஏற்றம்தான் வேண்டுமாம். எனக்கு அது விளங்க நாள் எடுத்தது. அந்த றோட்டுகளில் முப்பது வருடம் கல் சுமந்தவன் நான். தார் ஊற்றியவன். எந்த ஏற்றம் எவ்வளவு ஏற்றம் என்று என் இடுப்புக்கும் நாரிக்கும் தெரியும்.

அதற்காகத்தான் அஸீம் என்னைப் பிடித்தார். றோட்டுத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார். பிறகு, "வாசிப்பீங்கதானே, குணரத்தினம் அண்ணன்?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

அது பொய் இல்லை. அன்புவழிபுரத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய ஆட்களுக்கு எழுத்துச் சொல்லித் தந்த வகுப்பில், ஐம்பத்திரண்டு வயதில் போய் இருந்து படித்தேன். பஸ்ஸின் பலகை வாசிப்பேன். கடைப் பெயர் வாசிப்பேன். பின்னேரத்தில் மனைவி வள்ளிநாயகிக்குப் பேப்பரில் மரண அறிவித்தல் வாசித்துக் காட்டுவேன். என்னோடு தார் வேலை செய்கிற சிவரூபன் எனக்குப் 'பேப்பர் ஐயா' என்று பெயர் வைத்திருந்தான். நக்கலாகத்தான் வைத்தான். எனக்கு அது பிடித்திருந்தது.

ஒன்றை மட்டும் நான் யாருக்கும் சொன்னதில்லை. நீளமான சொல்லை நான் கடைசிவரைக்கும் பார்ப்பதில்லை. முதல் இரண்டு எழுத்தைப் பார்ப்பேன், மிச்சத்தை நானே நினைத்துக்கொள்வேன். கூடுதலாக அது சரியாகவே வரும்.

போன மாசி மாதம், திருகோணமலையில் இருந்து வெருகல் வரைக்கும் ஒரு சைக்கிள் ஓட்டம் ஒழுங்கு செய்தார்கள். வழிப் பட்டியலை அஸீமின் மனைவி பல்கீஸ் எழுதுவார். அவருடைய எழுத்து உருண்டை உருண்டையாக, ஒன்றோடு ஒன்று முட்டாமல் இருக்கும். கிண்ணியாவில் அவர்கள் தெருப் பெண்களின் சங்கத்துக்குக் கூட்டக் குறிப்பு எழுதுவதும் அவர்தான். யாராவது அரசாங்கக் கந்தோருக்குக் கடிதம் கொடுக்க வேண்டும் என்றாலும் அவரைத்தான் தேடி வருவார்கள். எனக்குத் தந்த பட்டியலில் இருபத்து மூன்று வரி இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் என் பழைய சைக்கிளில் வாளியைக் கொழுவிக்கொண்டு வெளிக்கிட்டேன். உண்மையைச் சொன்னால் அது நல்ல நாள். வயல் எல்லாம் அறுவடைக்கு நின்றது. மூதூர் தாண்டினதும் றோட்டு மேடும் இறக்கமுமாகத் தொடங்கும். தலையில் கல் இல்லாமல், பின்னால் கங்காணி இல்லாமல், அந்த இறக்கங்களில் பெடலில் இருந்து காலை எடுத்துவிட்டுப் போனேன். இதற்குத்தான் வருகிறார்களாக்கும் என்று அப்போதுதான் பட்டது.

பதினேழாவது வரி: 'பள்ளிக்கு முன் இடது.'

நான் வாசித்தது: 'பள்ளத்துக்கு முன் இடது.'

அந்த றோட்டில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. தார் வேலைக்காரர் அதற்கு வேறு பெயர் சொல்வதில்லை. பள்ளம் என்றால் அதுதான். மழைக்கு இரண்டு முறை அடித்துக்கொண்டு போய், இரண்டு முறையும் நாங்கள்தான் நிரப்பினோம். 'பள்' என்று கண்ணில் பட்டதுமே அந்தப் பள்ளம் முழுக்க என் முன்னால் வந்து நின்றுவிட்டது. பள்ளிவாசல் அதற்கு இரண்டு கிலோமீற்றர் முன்னால் இருந்தது. எங்கள் ஆட்கள் அதைப் பள்ளிவாசல் என்போம். பல்கீஸின் ஆட்கள் வெறும் பள்ளி என்பார்கள். வாசல் என்றும் எழுதியிருந்தால் நான் கண்டுபிடித்திருப்பேன் என்று பிறகு எத்தனையோ முறை எனக்குள் சொல்லிப் பார்த்தேன். அது நியாயம் இல்லை. அவர் தன் வாயில் வருகிற சொல்லைச் சரியாக எழுதினார். அந்தப் பள்ளியின் குழாயில் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் நான் அன்றைக்குக் கடந்து போனேன்.

பள்ளத்துக்கு முன்னால் இடது பக்கம் தார் இல்லாத ஒரு ஒடுங்கிய பாதை, கிறவல் மண் ஒழுங்கை, இறங்குகிறது. கீழே வாய்க்கால். வாய்க்காலின் மேலே இருந்த மதகு பாதி உடைந்து விழுந்து கிடந்தது. நான் அதைப் பார்த்தேன். என் சைக்கிளைத் தோளில் வைத்துக்கொண்டுதான் அதைத் தாண்டினேன். தாண்டிவிட்டு நின்று யோசித்தேன். மெல்லிய டயர்க்காரரை இதாலேயா விடுகிறார்கள்?

அங்கே ஒரு மனிதர் வேலிக்கு முள்ளுக்கம்பி கட்டிக்கொண்டிருந்தார். பேப்பரை அவரிடம் கொடுத்து, இதில் என்ன கிடக்கிறது என்று ஒருக்கால் பாருங்கோ என்று கேட்டிருக்கலாம். அவர் என் முகத்தைப் பார்த்தார், நானும் பார்த்தேன். கேட்கவில்லை. வாளியும் பட்டியலுமாக ஒரு உத்தியோகத்தன் மாதிரி நின்றுகொண்டு, வாசித்துச் சொல்லுங்கோ என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. திரும்பிப் போய் அம்பைப் போட்டேன். அந்த ஒழுங்கையும் பள்ளியடி ஒழுங்கையும் ஒரே குளக்கட்டில்தான் போய் ஏறுகின்றன. அதனால் மிச்ச வரிகள் எல்லாம் சரியாக வந்தன, நானும் சந்தேகத்தை விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினான்கு பேர் ஓடினார்கள். அஸீமும் நானும் சின்ன லொறியில் பின்னால் போனோம். பள்ளத்தடிக்கு நாங்கள் போய்ச் சேரும்போது சைக்கிள்கள் ஒழுங்கையில் சிதறிக் கிடந்தன. முதலில் இறங்கியது சுதர்ஷினி என்ற பெண். கொழும்பில் பாங்கில் வேலை. அம்பை நம்பி வேகத்தோடு திரும்பியிருக்கிறார். கிறவலில் வழுக்கி, மதகைக் கண்டு பிரேக் பிடிக்க, தூக்கி எறிந்துவிட்டது. காறை எலும்பு முறிந்திருந்தது. அவரைத் தூக்கி லொறியில் இருத்தியது நான்தான். அந்த வலிக்குள்ளும் அவர் எனக்கு நன்றி சொன்னார்.

மூதூர் ஆஸ்பத்திரி முற்றத்தில் அஸீம் கேட்டார். "இந்த ஒழுங்கையால விடச் சொல்லி ஆரு சொன்ன, அண்ணன்?"

"பேப்பரில பள்ளத்துக்கு முன் இடது எண்டுதான் கிடந்தது."

பேப்பர் எங்கே என்றார். பெயின்ற் ஊற்றுப்பட்டுப் போச்சு, எறிந்துவிட்டேன் என்றேன். அது என் சேட்டுப் பையில் மடித்தபடி இருந்தது.

அவர் தள்ளிப் போய் நின்று வீட்டுக்கு ஃபோன் எடுத்தார். அவர் பக்கத்துப் பேச்சு மட்டும் எனக்குக் கேட்டது. "நீ பள்ளி எண்டு எழுதினியா, பள்ளம் எண்டு எழுதினியா? நல்லா யோசிச்சிச் சொல்லு." ஃபோனைப் பைக்குள் போட்டார். பிறகு வந்து மற்றவர்களிடம், மனைவி எழுதும்போது ஒரு சொல் மாறிப் போய்விட்டது, மன்னிக்க வேண்டும் என்று சொன்னார்.

நான் லொறிக்குப் பின்னால் போய்ப் பேப்பரை விரித்தேன். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன். ப. ள். ளி. க். கு. மடித்து, திரும்பவும் பைக்குள் வைத்தேன்.

அன்றைக்கே சொல்லியிருந்தால் அது வெறும் வாசிப்புப் பிழை. சொல்லாமல் விட்டதால் அது வேறொன்றாகிவிட்டது.

அடுத்த கிழமை கடைக்குப் போனபோது பல்கீஸ் என்னைக் கேட்டார். "அண்ணன், ஒருக்கா நினைச்சிப் பாருங்க. நான் என்ன எழுதியிருந்தன்?" ஞாபகம் இல்லை, தங்கச்சி என்றேன். ஒரு கொப்பியில் பள்ளி, பள்ளம், பள்ளி, பள்ளம் என்று பக்கம் முழுக்க எழுதிப் பார்த்தாராம், எந்த இடத்தில் தன் கை மாறுகிறது என்று கண்டுபிடிக்க. மாறவே இல்லையாம். ஆனால் அன்றைக்கு அவசரமாக எழுதினவராம். அப்படித்தான் வந்திருக்கும் என்றார். அவர் தன்னைத்தானே குற்றவாளியாக்கிக்கொண்டிருந்தார். நான் அவர் தந்த தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

தேத்தண்ணீர்க் கடையில் சிவரூபன் கதையைப் பரப்பிவிட்டான். "பேப்பர் ஐயா, இனி எழுதிக் கிடக்கிறதையும் நம்பேலாது போல. பொம்பிளையள் எழுதினா பள்ளியும் பள்ளமாப் போகும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதை எழுதும்போதும் எனக்குக் கூசுவது விழுந்த அந்தப் பெண்ணை நினைத்து மட்டும் இல்லை. அந்தச் சிரிப்பை நினைத்தும்தான்.

மூன்றாம் வாரம், பல்கீஸ் பெண்கள் சங்கத்துக் கூட்டக் குறிப்புக் கொப்பியை லைலா என்ற பெண்ணிடம் கொடுத்துவிட்டார் என்று அஸீமே சொன்னார். தன் எழுத்தில் தனக்கு நம்பிக்கை இல்லை என்றாராம். கடிதம் எழுதக் கேட்டு வருகிறவர்களையும் திருப்பி அனுப்புகிறாராம். அஸீம் அதைக் கவலையாகத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்து வள்ளிநாயகியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. "இஞ்சாருங்கோ, அந்தப் பிள்ளை உங்களுக்கு என்ன செய்தவ?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த நாள் கடைக்குப் போனேன். அஸீம் ஒரு சைக்கிள் சில்லை நிமிர்த்திக்கொண்டிருந்தார். பல்கீஸ் மேசைக்குப் பின்னால் நின்றார். ஒரு டியூப் வாங்க வந்தவரும் நின்றார். அவர் போகட்டும் என்று பார்த்தேன். போகவில்லை. பேப்பரை எடுத்து மேசையில் வைத்தேன்.

அஸீம் வந்து எடுத்துப் பார்த்தார். அவருக்கு ஒரு நொடிதான் தேவைப்பட்டது. "இது எங்க இருந்த?"

"என்னட்டத்தான்."

"பெயின்ற் ஊற்றுப்பட்டதெண்டீங்க."

"இல்லை, தம்பி. நான் மாறி வாசிச்சிட்டன். தங்கச்சி சரியாத்தான் எழுதினவ."

பல்கீஸ் அஸீமின் கையில் இருந்து பேப்பரை வாங்கினார். அதைப் பார்க்காமலே என் பக்கம் தள்ளினார். "வாசிங்க" என்றார்.

"எந்த வரி?"

"முதல்ல இருந்து."

வாசித்தேன். விரலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக. நான்காவது வரியில் சந்தையைச் சந்தி என்றேன். "திரும்ப" என்றார். திரும்ப வாசித்தேன். வேர்வை பேப்பரில் விழுந்தது. டியூப் வாங்க வந்தவர் கால் மாற்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அஸீம் அவரைப் போகச் சொல்லவில்லை. பதினேழாவது வரியைச் சரியாக வாசித்தேன். அங்கே நிறுத்தினேன். "மிச்சம்" என்றார் பல்கீஸ். இருபத்து மூன்றும் முடிந்தது.

"ஏன் அண்டைக்கே சொல்லேல்ல?" என்று பல்கீஸ் கேட்டார்.

"எனக்கு வாசிக்கத் தெரியாதெண்டு நினைச்சிடுவீங்களெண்டு."

அவருடைய சத்தம் உயரவில்லை. "எனக்கு எழுதத் தெரியாதெண்டு எல்லாரும் நினைச்சாப் பறவாயில்லையா, அண்ணன்?"

பேப்பரில் விழுந்த வேர்வையைச் சேட்டு நுனியால் துடைத்தேன்.

அவர் அஸீமின் ஃபோனை வாங்கிச் சுதர்ஷினிக்கு எடுத்தார். சுகம் விசாரித்தார். பிறகு, பட்டியலில் தான் எழுதியது சரி, அம்பு போட்டவர் மாறி வாசித்துவிட்டார் என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும் போலத் தோன்றியது. ஃபோனை வைத்துவிட்டு முக்காட்டைச் சரிசெய்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, லைலா வீட்டுப் பக்கம் விறுவிறுவென்று நடந்தார். கொப்பியை வாங்கத்தான் போகிறார் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது.

அவர் திரும்பி வருவதற்குள் போய்விட வேண்டும் என்று நான் சைக்கிளை எடுத்தேன்.

"நில்லுங்க, அண்ணன்" என்றார் அஸீம், சில்லில் இருந்து தலையை நிமிர்த்தாமலே. "நீங்க போறதா நிக்கிறதா எண்டு அவ வந்து சொல்லட்டும்."

கடைக்குள்ளே நிற்க முகம் இல்லை. வெளியில் வெயிலில், தெருவில் போகிற வருகிற எல்லோருக்கும் தெரிகிற இடத்தில், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.