துரோகி மூஞ்சி

உளவுப் படமென்றால், கூட இருந்தே குழி பறிக்கும் துரோகி வேஷம் இந்த நடிகருக்குத்தான். நாயகனின் தோளில் அவர் கைபோட்டாலே போதும், தியேட்டர் திட்டத் தொடங்கிவிடும். சும்மா சொல்லக்கூடாது, மூஞ்சி அப்படி!

புதுப் படத்தின் கதையைப் பற்றி மட்டும் அவர் மனைவியிடம்கூட மூச்சுவிடவில்லை. முதல் காட்சிக்கு அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

திரையில் அவர் பெட்டியை மாற்றினார், பொதுத் தொலைபேசியில் கிசுகிசுத்தார். "இவன்தான்டா காட்டிக்கொடுக்கிறவன்!" என்று பின்வரிசை கத்தியது. கடைசியில், பாலத்தின் மேல், நாயகனுக்கு வந்த குண்டை அவரே நெஞ்சில் வாங்கிக்கொண்டு சரிந்தார். அத்தனை திருட்டுத்தனமும் நாயகனைக் காப்பாற்றத்தான். துப்பாக்கியோடு நின்றவர், எல்லோரும் தெய்வமாக நம்பிய மேலதிகாரி! கத்திய பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

நடிகர் மீசையை நீவியபடி மனைவி பக்கம் திரும்பினார். "எப்படி?"

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "இத்தனை வருஷம் உங்ககூடக் குடும்பம் நடத்தியிருக்கேன். நான்கூட உங்களைத்தாங்க சந்தேகப்பட்டேன்!"

நடிகருக்கு நெஞ்சு விம்மியது.

"இன்னொரு தடவை சொல்லு," என்றார். "கொஞ்சம் சத்தமா."