காக்கை வராத கரை

இலையில் சோற்றையும் வடையையும் வைத்துவிட்டு வெள்ளையம்மா அத்தை மறுபடியும் கூப்பிட்டாள். "கா... கா... வாண்ணே, வந்து எடுத்துக்க."

பாசிர் கூடாங் துறைமுகக் கடலோரத்தில் ஒரு காக்கை இல்லை. சாந்தினியின் அப்பாவின் சாம்பலைக் கரைத்தாகிவிட்டது. காக்கை எடுக்காமல் யாரும் சாப்பிடக் கூடாது. அவள் தம்பி ரூபேந்திரன் வடை டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணனுக்கு மனசு ஆறல," என்றாள் அத்தை, கடலைப் பார்த்து. "மூச்சு மிஷினை எடுக்கச் சொன்னது யாருன்னு அவருக்குத் தெரியாதா?"

சொன்னது சாந்தினி. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது ரூபேந்திரன் கழிவறைக்குப் போய்விட்டான். அவள்தான் தலையாட்டினாள். அதன்பின் அப்பா கொஞ்ச நேரம்தான் இருந்தார். கோபத்தோடுதான் போனாரா? அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இலைமேல் ஒரு நிழல் ஓடியது.

"பருந்து லா," என்றான் ரூபேந்திரன்.

சாந்தினி அண்ணாந்தாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவள். மேலே உட்கார்ந்து பறவைகளைப் பார்த்தே பொழுதை ஓட்டியவள்.

"பருந்து இல்லடா. பருந்துக்கு றெக்க அகலம், நுனி விரல் விரலா பிரிஞ்சிருக்கும். சும்மா மிதக்கும். இது பாரு, நுனி கூரா, அரிவா மாதிரி. என்னா வேகமா அடிக்குது! வல்லூறு."

அது மூடிக்கிடந்த ஆலையின் கோபுர விளிம்பில் இறங்கியது. விளிம்புக்குக் கீழே சுவரெல்லாம் சுண்ணாம்பு வடிந்தாற்போல் எச்சம். கீச்சுக் குரல்கள் கேட்டன.

"குஞ்சு இருக்கு, அத்தை," என்றாள் சாந்தினி. "இது குச்சி வச்சுக் கூடு கட்டாது. இந்த மாதிரி உயரத்துல வெறும் விளிம்புலதான் முட்ட போடும். குஞ்சு இருக்கிறப்ப காக்காவ விரட்டி விரட்டி அடிக்கும். எந்தக் காக்கா இங்க வரும்?"

"அலமாக்! அப்பாவுக்குக் கோவம் இல்ல அத்தை, பயம்!" என்று சிரித்தான் ரூபேந்திரன்.

"வாயக் கழுவுடா." ஆனால் அத்தை இலையைத் தூக்கிக்கொண்டாள்.

சாப்பாட்டுக் கடைகளுக்குப் பின்னால், ஒரு குட்டைச் சுவரில் வைத்தார்கள். அத்தை வாயைத் திறப்பதற்குள் ஒரு காக்கை வடையைக் கவ்வியது. இன்னொன்று அதோடு சண்டைக்கு வந்தது.

அத்தை கும்பிட்டாள். பிறகு சாந்தினியின் முகத்தைப் பார்க்காமலே ஒரு தட்டை நீட்டினாள்.

சாந்தினி கார் அருகே தரையில் உட்கார்ந்து குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டாள். தட்டு காலியானது.

"இன்னும் கொஞ்சம் போடுங்க, அத்தை," என்றாள். "சாம்பாரும்."