ஆளுக்கொரு சாவி

கண்ணுங்களா, இது கம்ப்யூட்டர் கதைதான். பயப்படாதீர்கள், எனக்கே புரிந்த கதை.

இரண்டாயிரத்து மூன்றில் ராயபுரத்தில் ஒரு கண்டெய்னர் கம்பெனி இருந்தது. எண்ணூர், திருவொற்றியூர் என்று, பெட்டிகளை அடுக்கிவைக்க அதற்குப் பதினோரு யார்டுகள். அன்றன்று துறைமுகத்துக்குப் போகும் பெட்டிகளின் பட்டியலை ஒவ்வொரு யார்டும் காலை எட்டு மணிக்குள் ராயபுரத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றியாக வேண்டும். வெளியார் கண்ணில் படாமல் அனுப்ப, யாரோ வெளிநாட்டுக்காரர்கள் எழுதி இனாமாக விட்டிருந்த பழைய வி.பி.என். புரோகிராம் ஒன்றை வைத்திருந்தார்கள். பொதுச் சாலைக்கு நடுவே நமக்கு மட்டும் மூடிய சந்து ஒன்று போட்டுக்கொள்வது மாதிரி. ஆனால் சந்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் போகலாம். எல்லோருக்கும் ஒரே ரகசியச் சாவி.

புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு குடியிருப்பிலிருந்து வேலைக்கு வந்த யசோதரா அந்தப் புரோகிராமைத் திறந்து வரிவரியாகப் படித்தாள். இனாமாக விட்டதை யார் வேண்டுமானாலும் பிரித்து மாற்றலாம். நாலு மாதம் மல்லுக்கட்டி, பதினோரு யார்டும் ஒரே நேரத்தில் நுழையும்படி செய்துவிட்டாள். ஆளுக்கொரு சாவி, ஃப்ளாப்பியில். யார், எங்கிருந்து, எப்போது நுழைந்தார்கள் என்று தானாகக் குறித்துக்கொள்ளும் பதிவையும் சேர்த்தாள். கோளாறு வந்தால் தேடுவதற்குத்தான். வேறு எதற்கும் அதைத் தொடமாட்டேன் என்று மேனேஜர் செல்வநாதனும் வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்த நாலு மாதமும் திருவொற்றியூர் யார்டிலிருந்து சலிக்காமல் சோதித்துக் கொடுத்தவள் சுகிர்தம். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, 'இப்ப பாரு, இப்ப பாரு' என்று நூறு தடவை திறந்து மூடியிருப்பாள். அவள் புருஷன் ஸ்டானிஸ்லாஸ் கப்பல் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு போனவர். வெள்ளிக்கிழமை காலைகளில் அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டும். இவள் வேலை போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

யார்டுப் பெண்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒருத்திக்கு வர நேரமானால் இன்னொருத்தி அவள் பட்டியலையும் ஏற்றிவிடுவாள். ஒரே சாவி இருந்த காலத்தில் யார் ஏற்றியது என்று யாருக்கும் தெரியாது. புதுச் சாவி வந்ததும் சுகிர்தம் தயங்கிக் கேட்டாள், வெள்ளிக்கிழமைக்காக என் சாவிக்கு ஒரு நகல் எடுத்து எண்ணூர் ஃப்ளோராவிடம் கொடுக்கட்டுமா என்று.

"குடுத்துடு. எவன் பாக்கப்போறான்? பதிவ பாக்குறவளே நான்தான்" என்றாள் யசோதரா.

இரண்டு மாதம் கழித்து, புரோகிராமின் பெருமையைத் தலைமை அலுவலகத்துக்குக் காட்ட வேண்டும் என்று சொல்லி செல்வநாதன் பதிவைக் கேட்டார். யசோதரா பூரிப்போடு தன் கையாலேயே அச்செடுத்துக் கொடுத்தாள். தலைமை அலுவலகம் ஆள் குறைக்கக் காரணம் தேடிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

அடுத்த திங்கள் விசாரணை. திருவொற்றியூர்ச் சாவி வெள்ளிதோறும் எண்ணூரிலிருந்து நுழைந்திருக்கிறதே, எப்படி என்று கேட்டார் செல்வநாதன்.

"கேட்டுட்டுத்தான் சார் குடுத்தேன்" என்றாள் சுகிர்தம்.

யாரைக் கேட்டாய் என்றார். சுகிர்தம் யசோதராவைப் பார்த்தாள். யசோதராவை நிரந்தரம் ஆக்கும் உத்தரவு அதே மேசையில்தான் கையெழுத்துக்குக் கிடந்தது. அவள் குனிந்து அச்செடுத்த தாளையே படித்துக்கொண்டிருந்தாள். சுகிர்தம் செல்வநாதன் பக்கம் திரும்பினாள்.

"யாரயும் கேக்கல சார். நானாத்தான் குடுத்தேன். ஃப்ளோராவ வுட்டுடுங்க, அவ ஒண்ணும் தெரியாதவ."

அப்போதே சுகிர்தத்துக்கு வேலை போனது. படிக்கட்டு வரை யசோதரா பின்னாலேயே ஓடினாள். அந்த ஆள் என்னையும் ஏமாற்றிவிட்டான் என்று அழுதாள்.

"அவன் மேனேஜரு, அவன் பொயப்பு அது" என்றாள் சுகிர்தம். "நீ இன்னாத்துக்கு கம்முனு இருந்த?"

பதிலுக்கு அவள் நிற்கவில்லை, கண்ணுங்களா. இறங்கிப் போய்விட்டாள்.

மத்தியானம் செல்வநாதன் கூப்பிட்டு, சுகிர்தத்தின் சாவி இனிமேல் செல்லக்கூடாது என்றார். அத்தனை பேரை உள்ளே விட வழி செய்த யசோதரா, ஒருத்தரை மட்டும் வெளியே நிறுத்த எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை. உட்கார்ந்து எழுதினாள். இருபது வரிகூட ஆகவில்லை. எழுதியதைச் சோதிக்க வேண்டுமே. எண்ணூருக்குப் போன் போட்டு, அங்கே இருந்த சுகிர்தத்தின் சாவி நகலைப் போட்டுப் பார்க்கச் சொன்னாள்.

எதிர்முனையில் ஃப்ளோரா ஃப்ளாப்பியைச் செருகும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்:

"தொறக்கல மேடம். நீங்க எழுதுனது நல்லா வேல செய்யுது."