பாரோ என்றால்

1

இந்தக் கதை பாதி திருட்டு. பாலக்கோடு பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டு வந்ததை ஒட்டுக்கேட்டேன். முடிவைச் சொல்வதற்குள் மாரண்டஹள்ளி வந்து இறங்கிவிட்டார். மீதியை நானே எழுதியாக வேண்டும். எப்படி எழுதுகிறேன் என்று பாருங்கள்.

2

1984, புரட்டாசி. மாரண்டஹள்ளித் தக்காளித் தோட்டங்களின் மேல் சூரியன் செந்நிற

(வேண்டாம். சூரியனுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.)

ஜானகியம்மாள் தமிழ் பேசும் வீட்டுப் பெண். சனிக்கிழமை பஜனையில் கன்னடக்காரர்களோடு சேர்ந்து "பாரோ ரங்கா" என்று உருகுவாள். அந்தப் பாட்டில் அவளுக்குப் புரிந்த ஒரே சொல் பாரோதான். என்னைப் பார், ரங்கா. அவன் பார்த்தால் போதும், வேறெதுவும் அவள் கேட்டதில்லை.

3

ஒரு சனிக்கிழமை, மிருதங்கம் வாசிக்கும் குப்புராஜ் பேச்சுவாக்கில் சொன்னார்.

"அக்கா, அது பாக்கச் சொல்றது இல்லீங்க. கன்னடத்துல பாரோன்னா வாடான்னு அர்த்தமுங்க."

"வாடாவா! சாமியவா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும் கணவர் காளியப்பனிடம்* (இங்கே அழவைக்கலாமா என்று யோசிப்பதற்குள்) அழுதுவிட்டாள்.

"இத்தன வருசமா கூப்புட்டிருக்கறனுங்க. வந்திருப்பான். ஒரு வாய் தண்ணி குடுத்தேனா? கதவச் சாத்திட்டுப் படுத்துட்டேனே!"

"வந்திருந்தா எனக்குத் தெரியாதா? நான் வாசல்லதான படுத்திருந்தேன்."

"நீங்க உட்ட கொறட்டைக்கே திரும்பிப் போயிருப்பான்."

* காளியப்பன் முதலில் கோபக்காரராக இருந்தார். திருத்தி எழுதும்போது சாதுவாகிவிட்டார். எனக்கும் பிடித்துப்போயிற்று, விட்டுவிட்டேன்.

4

அடுத்த சனிக்கிழமை கதவை விரியத் திறந்தாள். மணை போட்டு, இலை விரித்து, சூடாகக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் வைத்தாள். எதிரே உட்கார்ந்து பாடினாள். இந்த முறை அர்த்தம் தெரிந்தே, உரிமையோடு, வாடா என்றே கூப்பிட்டாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

முடிவு அ: பசித்த பரதேசி ஒருவன் வருகிறான். (எத்தனையோ கதைகளில் சாப்பிட்டவன். வயிறு நிறைந்திருக்கும்.)

முடிவு ஆ: யாரும் வரவில்லை. காளியப்பன் சாப்பிட்டு (இதை அவளிடம் யார் சொல்வது?)

முடிவு இ:

5

பேனாவை வைத்துவிட்டேன். ஜானகியம்மாள் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். முகத்தில் துளிக் கவலை இல்லை. அவள் பார்க்கும் பக்கம் நானும் திரும்பினேன்.

நீங்கள் நிற்கிறீர்கள்.

பாருங்கள் என்றுதான் எழுதினேன். வந்துவிட்டீர்கள். களி ஆறுகிறது, உட்காருங்கள்.