உப்புப் படாத டிராக்டர்

என் டிராக்டருக்கு வயது ஐம்பதுக்கு மேல். எனக்கு அதைவிடக் கொஞ்சம் கூட. எங்கள் இருவரில் காலையில் ஒழுங்காகக் கிளம்புவது எது என்று கேட்டால், என் மனைவி ஆர்டிஸ் யோசிக்காமல் டிராக்டரைக் காட்டுவாள். தோட்டத்தில் புல்வெட்ட வாங்கும் சின்ன வண்டிதான். ஆனால் அமெரிக்காவில் எங்கள் விஸ்கான்சின் பக்கத்தில் இதை வைத்திருக்கும் ஆண்பிள்ளைகளுக்கு அது பட்டத்து யானை. ஆளாளுக்கு ஓட்டுவதற்கு ஒன்று, உதிரிபாகம் கழற்ற ஒன்று, எதற்கென்று மனைவியிடம் இன்னும் சொல்லாதது ஒன்று. ஆக, என்னிடமும் மூன்று நிற்கின்றன.

இந்த வருஷம் அக்டோபரிலேயே மூத்ததைப் பனிக்குத் தயார்செய்ய ஆரம்பித்தேன். வயிற்றுக்கு அடியில் தொங்கும் புல்வெட்டியைக் கழற்றினேன். முன்னால் பனியை வாரி எறியும் ப்ளோயரை மாட்டினேன். மெல்லிசான குளிர்கால ஆயில், புதுப் பெட்ரோல், பின்சக்கரங்களுக்குச் சங்கிலி, பின்பக்கம் இரும்பு எடை. அதோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பேன். கழற்றியதுதான் கழற்றினோம், பெயிண்டும் அடித்துவிடுவோமே என்று தோன்றியது. சனி பிடிக்க இது போதாதா? அந்தக் காலத்து மஞ்சளைத் தேடிப் பிடித்து, மூன்று பூச்சு அடித்து, மேலே மெழுகும் தேய்த்தேன். நண்பன் ஓடெல் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"டேய் மெர்ல், இத வச்சுப் பனி தள்ளப்போறியா, இல்ல மாப்பிள்ளை ஊர்வலம் போகப்போறியா?"

"வயித்தெரிச்சல் படாதடா. பனி விழட்டும், அப்புறம் பேசு."

பேச்சு அதோடு நிற்கவில்லை. வருஷா வருஷம் லாரியில் வந்து எங்கள் பாதைப் பனியைத் தள்ளிக் கொடுக்கும் வெர்லினைக் கூப்பிட்டு, இனிமேல் உன் தயவு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். வீட்டிலிருந்து ரோடு வரை நீளமான மண்பாதை. அது மூடிக்கொண்டால் கார் ஓர் அங்குலம் நகராது.

டிசம்பர் பிறந்ததும் சர்ச்சில் லூடஃபிஸ்க் விருந்து. காய்ந்த மீனைச் சாம்பல் கரைத்த காரநீரில் ஊறவைத்து வேகவைப்பது. தட்டில் கொழகொழவென்று ஆடும். அந்த வாசனைக்கு எங்கள் பூனையே வீட்டை விட்டுப் போய்விடும். ஆனாலும் உருக்கிய வெண்ணெய் ஊற்றி இரண்டு தட்டு சாப்பிடாதவன் எங்கள் ஊர்க்காரனே இல்லை. இத்தனை வருஷம் அந்தச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்த ஆர்டிஸுக்கு இந்த முறைதான் தலைமைப் பொறுப்பு கிடைத்தது. வாரம் முழுக்க அவள் சுட்ட லெஃப்சா ரொட்டிகள் எங்கள் வீட்டில் அடுக்கடுக்காக இருந்தன. மத்தியானத்துக்குள் அவள் போய்ச் சேராவிட்டால் பழைய தலைவி மர்னா கரண்டியைப் பிடுங்கிக்கொள்வாள். பிறகு அதை அவள் கையிலிருந்து வாங்க எமன்தான் வரவேண்டும்.

விருந்தன்று விடிந்தபோது முழங்கால் வரை பனி.

"மெர்ல், உன் மகாராணிய எழுப்பு," என்றாள் ஆர்டிஸ்.

சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆனது. எனக்கு நெஞ்சு ஓர் அங்குலம் விரிந்தது. கொட்டகைக் கதவைத் திறந்து வண்டியின் மூக்கை மட்டும் வெளியே நீட்டினேன். அப்போதுதான் பாதையின் கோடி கண்ணில் பட்டது. ரோட்டை வழித்துக்கொண்டு போன அரசாங்க லாரி, பனி உருகத் தூவும் உப்பும் சரளையும் கலந்த சாம்பல் சேற்றை எங்கள் பாதையின் வாயில் மேடாகக் குவித்துவிட்டுப் போயிருந்தது. உப்பு! என் மூன்று பூச்சுப் பெயிண்டில் உப்பு! துருப்பிடிக்க வேறென்ன வேண்டும்?

என் கை தானாக ரிவர்ஸ் கியரைப் போட்டது. வண்டியை உள்ளே விட்டு, சூடு தங்கட்டும் என்று எஞ்சின் மூடிமேல் கம்பளியைப் போர்த்திவிட்டு, கையால் பனி வாரும் ஷவலை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கொட்டகை வாசலைத் தாண்டுவதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. சமையலறை ஜன்னல் திறந்தது.

"அங்க என்ன பண்ணிட்டிருக்க?"

"டிராக்டர் கொஞ்சம் சூடாகட்டும்னு..."

"சூடாகறதுக்குக் கம்பளி எதுக்கு?"

"அது வந்து... உப்புப் படும், ஆர்டிஸ்."

ஜன்னல் சாத்திக்கொண்டது. விருந்துக்கு உடுத்திய கவுனுக்கு மேல் கோட்டும் காலில் பூட்ஸுமாக விடுவிடுவென்று வந்தாள். அவள் மாட்டுப் பண்ணையில் பிறந்து வளர்ந்தவள். நான் கிளட்ச் எது, பிரேக் எது என்று தடவிக்கொண்டிருந்த வயதில் வைக்கோல் வண்டி ஓட்டியவள். கம்பளியை உருவி என் தலைமேல் போட்டாள்.

"கல்யாணம் ஆன நாள்லருந்து என்னைய ஒருதரம் இப்படிப் போத்திவிட்டிருப்பியா? நகரு!"

ஓட்டிக்கொண்டு போனாள். ப்ளோயர் எறிந்த முதல் பனி என் முகத்தில்தான் விழுந்தது. கோடிக்குப் போய் அந்த உப்பு மேட்டில் நேராக முட்டினாள். சரளை எகிறி மூடியில் படும் சத்தம் எனக்கு இங்கே கேட்டது. "பாத்து! பாத்து!" என்று கத்தினேன். அவளுக்காகக் கத்தினேன் என்று சொல்ல ஆசைதான். வழி திறந்ததும் திரும்பி வந்து, ரொட்டிகளைக் காரில் ஏற்றினாள்.

"நீயும் ஏறு. முதல் பந்தியில உனக்கு இடம் பிடிச்சு வச்சிருக்கேன்."

"நீ முன்னால போ. இத ஒரு துடை துடைச்சிட்டு பிக்கப்புல பின்னாலயே வந்துடறேன்."

ஒரு துடை என்றுதான் ஆரம்பித்தேன். வெந்நீர் ஊற்றினேன். சங்கிலிக்குள் உப்பு இருந்தது, அதைக் கழற்றினேன். கீறலைப் பார்த்தேன்; மெழுகு எடுத்தேன். நான் சர்ச்சுக்குப் போனபோது கடைசிப் பந்தியும் எழுந்து கோட்டு மாட்டிக்கொண்டிருந்தது. ஓடெல் வாசலில் பல் குத்திக்கொண்டு நின்றான்.

"எங்கடா தொலைஞ்ச? பாஸ்டர் ஆர்டிஸ சமையக்கட்டுலருந்து வெளிய கூப்பிட்டாரு. மொத்த கூட்டமும் எழுந்து நின்னு கைதட்டுச்சு, மர்னா உட்பட. ஆர்டிஸ் எங்க யாரையும் பாக்கலடா. வாசலையே பாத்துட்டு நின்னா."

அவனைத் தாண்டிப் போனேன். உள்ளே அவள் மேசை துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் மூடி வைத்திருந்த தட்டை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். வெண்ணெய் உறைந்துபோயிருந்தது.

"கீறல் போயிடுச்சா?" என்று கேட்டாள்.

கேலியாகக் கேட்டிருந்தால் சிரித்துச் சமாளித்திருப்பேன். நிஜமாகவே கேட்டாள்.