தொண்ணூறு ஒப்பீடுகள்

செத்த எலியைத் தூக்குகிற மாதிரி என் விடைத்தாளை றொனி சேர் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

“தொண்ணூறாம்! ஏம்மா நிலக்ஷனா, தேயிலக் கொழுந்து நிறுத்த கணக்க இங்க எழுதிட்டியா?”

வகுப்பு சிரித்தது. சேரின் அப்பா யேசுரத்தினம் பிறந்ததும் எங்கள் ஸ்பிரிங்வெளித் தோட்ட லயத்தில்தான். பதுளையில் மாடியேறி கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியதிலிருந்து இந்த மகாராசனுக்கு அது மட்டும் ஞாபகம் வராது.

எனக்கு முப்பத்தெட்டு புள்ளி. நாற்பது இருந்தால் சான்றிதழ், திங்கட்கிழமை பண்டாரவளையில் ஓர் ஆபீஸ் வேலை. இல்லையென்றால் காலையில் கொழுந்தெடுக்க ஆள் பிரிக்கிற பெரட்டுக் களம்தான். அம்மா கங்காணியிடம் என் பெயரை ஏற்கெனவே கொடுத்துவிட்டாள். என்மேல் அவ்வளவு நம்பிக்கை!

கேள்வி இதுதான். ஐந்து பெயர்களை அகரவரிசைப்படுத்த, கம்ப்யூட்டர் ஒவ்வொரு சோடியையும் ஒருதரம் பார்க்கிறது. மொத்தம் எத்தனை எழுத்து ஒப்பீடுகள்? நான்கு புள்ளி. போன வருஷத் தாளில் ஐந்து பழங்களின் பெயர்கள் இருந்தன. எல்லாம் முதல் எழுத்திலேயே வேறு, பத்துச் சோடிக்குப் பத்து ஒப்பீடு, சரி. இந்த வருஷம் சேர் பழங்களை எடுத்துவிட்டு வரவுப் பதிவேட்டிலிருந்து ஐந்து பையன்களைப் போட்டார். விடையை மாற்றத் துப்பில்லை.

“சேர், அஞ்சு பேரும் மொஹமட். மொஹமட் இத்ரூஸ், மொஹமட் மபாஸ், மொஹமட் றிஸ்னி... இங்கிலீசுல ஏழு எழுத்தும் ஒண்ணு, நடுவுல இடைவெளியும் ஒண்ணு. ஒம்பதாவதுலதான் வித்தியாசமே வருது. பத்துச் சோடி, ஒம்பது ஒம்பதா தொண்ணூறு.”

“பாத்தவொடனே தெரியுதே எவன் எவன்னு. அதுக்கு எதுக்கு எழுத்தெழுத்தா?”

“உங்களுக்குத் தெரியும். மெசினுக்குத் தெரியாதுங்க.”

“வாய் நீளுது. எங்கிட்ட இருக்கிற சரியான விடையில பத்துன்னு இருக்கு. போய் உக்காரு.”

நான் உட்காரவில்லை. தூ, இதெல்லாம் ஒரு படிப்பு, இவரெல்லாம் ஒரு வாத்தியார் என்று தொண்டை வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

பேச்சு முடிந்தது என்று காட்ட, சேர் பதிவேட்டைத் திறந்து வரவு எடுக்க ஆரம்பித்தார்.

“மொஹமட்—”

இருமல் வந்து நிறுத்தினார்.

ஐந்து பேர் எழுந்து நின்றார்கள்.

“எந்த மொஹமட் சேர்?” என்றான் றிஸ்னி, முகத்தைப் பாவம்போல வைத்துக்கொண்டு.

சேர் நிமிர்ந்தார். ஐந்து பேரும் உட்காரவில்லை, நானும் உட்காரவில்லை. அவருடைய விரல் பதிவேட்டில், அந்த ஏழு எழுத்தையும் தாண்டி, மெதுவாக நகர்ந்தது.