மோப்பக்காரி

யாரோ ரப்பர் குழாயைப் பிடித்து ஓர் இழு இழுத்திருக்கிறார்கள். பின்பக்கச் சுவரோரம் மூட்டு கழன்று, தண்ணீர் மதில்மேல் பீறிட்டு அடித்தது.

"ஐயையோ, டேங்க் காலியாயிடும்! யாராவது வாங்களேன்!" என்று மாப்பிள்ளை கத்தினார். எதைத் திருகினால் நிற்கும் என்று அவருக்குத் தெரியாது. உள்ளங்கையால் பொத்திப் பார்த்துச் சட்டையை நனைத்துக்கொண்டதுதான் மிச்சம்.

முன் அறையில் கிடத்தியிருந்த கணவரின் உடலருகே, கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அவளுக்கு அது கேட்டது. காலையிலிருந்து அவள் அழவில்லை. அழுதுவிடு, அழுதுவிடு என்று ஆளாளுக்கு முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்கள். அரிப்புப் புண் உள்ள முதுகு அது. தடவத் தடவ எரிந்தது. வாய்விட்டுச் சொல்லவா முடியும்?

பக்கத்தில் கணவரின் அக்கா, புதிதாக வந்தவர்களுக்கு மறுபடியும் அதையே ஆரம்பித்திருந்தாள்.

"எந்தப் புருஷன் செய்வான், சொல்லுங்க? பொண்டாட்டிக்கு உடம்பு அரிக்குதுன்னு வீட்டுக்கே ஃபில்டர் போட்டான் என் தம்பி. குடிக்கிற தண்ணிக்கு மட்டும் இல்ல. குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ, எல்லாத்துக்கும். உசிரா வெச்சிருந்த பைக்கை வித்துட்டுப் போட்டான்மா!"

வந்தவர்கள் 'ச்சு' கொட்டினார்கள். ஒவ்வொரு முறை இதைக் கேட்கும்போதும் அவளும் தலையாட்டுவாள். அவர் பாசத்தை வாயால் சொல்லத் தெரியாத மனிதர். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். வீட்டிலும் ஹாரன் அடிக்கிற மாதிரிதான் பேசுவார். ஒரு புடவை தானாக எடுத்துக் கொடுத்ததில்லை, ஒரு பிறந்தநாள் ஞாபகம் வைத்துக்கொண்டதில்லை. ஆனால் ஃபில்டர் போட்டார். குறை சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் பின்பக்கச் சுவரில் மாட்டிய அந்த மூன்று ஃபில்டர் உருளைகள் கண்முன் வந்து நின்று அவள் வாயை அடைத்துவிடும்.

"என் தம்பி எங்க? அவனைப் போகச் சொல்லுங்க," என்றாள் அவள். பிறகு தானே எழுந்தாள். புருஷன் கிடக்கும்போது பெண்டாட்டி குழாய் பார்க்கப் போகலாமா என்று யாராவது நினைத்திருக்கலாம். நினைத்துக்கொள்ளட்டும். நின்று மூச்சு விட அவளுக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது.

அவள் போனபோது அவளுடைய தம்பி தண்ணீரை நிறுத்தியிருந்தான். அவனுக்குக் குழாய் வேலைதான் தொழில். மூன்று வருடத்துக்கு முன் இந்த ஃபில்டரை மாட்டியவனும் அவனே. மாட்டிய கையோடு வெளிநாட்டு வேலைக்குப் போனவன், போன வாரம்தான் திரும்பியிருந்தான். மாப்பிள்ளையைச் சட்டை மாற்ற அனுப்பிவிட்டு, கையில் ஸ்பானரோடு உருளைகளின் முன்னால் குனிந்து நின்றான்.

"சரியாயிடுச்சாடா?"

"ஆயிடுச்சுக்கா." அவன் நிமிரவில்லை. "ஏங்க்கா, இந்தக் கைப்பிடியை யாரு இப்படி வெச்சது?"

"எந்தக் கைப்பிடி?"

"இந்தச் சிவப்பு. பைபாஸ்."

அவளுக்கு அதெல்லாம் தெரியாது. அந்தப் பக்கமே அவள் கை வைத்ததில்லை. 'தொடாதே, தொட்டா மூணும் புட்டுக்கும்' என்று கணவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

தம்பி விரலால் காட்டினான். "டேங்கிலேர்ந்து வர்ற தண்ணி இப்படி வந்து, மூணு உருளைக்குள்ளயும் போயி, அந்தப் பக்கமா வீட்டுக்குள்ள போகணும். இது சைடுல ஒரு குறுக்கு வழி. உள்ள வடிகட்டுற கேண்டில் மாத்துறப்போ மட்டும் திறக்கறது. இதைத் திறந்துவிட்டு, உருளைக்குப் போற வழி, வர்ற வழி ரெண்டையும் அடைச்சு வெச்சிருக்கு."

"அப்படின்னா?"

"அப்படின்னா தண்ணி ஃபில்டர்ல போகல. நேரா போகுது."

"இன்னிக்குக் கூட்டத்துல யாராவது தெரியாம…"

"இருக்கும்," என்றான் தம்பி அவசரமாக. ஆனால் கைப்பிடியின் கழுத்தில் பாசி படிந்து காய்ந்திருந்ததை அவளும் பார்த்தாள்.

"கழட்டு," என்றாள்.

"இப்ப எதுக்குக்கா? அப்புறமா பாத்துக்கலாம். உள்ள ஆளுங்க இருக்காங்க."

"கழட்டுடா."

முதல் உருளை முனகிக்கொண்டு திறந்தது. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கை நீளத்துக்கு இருந்த கேண்டிலை எடுத்துத் தம்பி அவளிடம் நீட்டினான். மண்ணையும் துருவையும் பிடித்து வைப்பதற்கென்று நூல் சுற்றிச் செய்தது. இந்த ஊர்த் தண்ணீருக்கு நாலு மாதத்தில் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும் என்று அவன்தான் அன்றைக்குச் சொன்னான். இது கடையிலிருந்து வந்த வெள்ளை மாறாமல் இருந்தது. தடவிப் பார்த்தாள். விரலில் ஈரப்பசைகூட ஒட்டவில்லை.

"அவர் கழுவுவாரே," என்றாள். "ரெண்டு மாசத்துக்கு ஒரு தரம் கழட்டிக் கழுவுவாரே. நான்தான் மொண்டு ஊத்துவேன். பிரஷ் போட்டுத் தேய்ப்பார். வெயில்ல காயவெச்சு மாட்டுவார்."

தம்பி அவளைப் பார்த்தான். "தண்ணிக்குள்ளயே கிடக்கப்போற சாமானை எதுக்குக்கா காயவெக்கணும்?"

கேண்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காரணம் அவருக்குத் தெரியும் என்று நினைத்திருந்தாள். துணி என்றால் காயப்போட வேண்டும், இதுவும் ஏதோ நூல்தானே என்று அவளாக ஒரு காரணமும் வைத்திருந்தாள். அவர் குந்தி உட்கார்ந்து, முதுகை இவள் பக்கம் திருப்பிக்கொண்டு, 'எவ்ளோ அழுக்கு பாத்தியா' என்று தேய்ப்பார். அவள் எட்டிப் பார்த்ததில்லை. ஊற்று என்றால் ஊற்றினாள். அந்த வெள்ளை நூலைத்தான் மூன்று வருடமாகத் தேய்த்திருக்கிறார்.

ஃபில்டர் போட்ட முதல் வாரம் நன்றாக நினைவிருந்தது. ஊர்த் தண்ணீரில் கலக்கும் மருந்தின் வாசனை அடியோடு போயிருந்தது. குளித்துவிட்டு வந்து முந்தானையை முகர்ந்து முகர்ந்து பார்த்தாள். அரிப்பும் அடங்கியது. ஆனால் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வந்தது. மொட்டை மாடி டேங்க் போதிய உயரத்தில் இல்லை, ஒரு சின்ன மோட்டார் வைத்தால் சரியாகும் என்று வெளிநாடு கிளம்பும் முன் தம்பி சொன்னான். மோட்டார் சத்தம் ஆகாது என்று கணவர் சொல்லிவிட்டார். அவருக்கு ஷவர் கொட்ட வேண்டும். நாள் முழுக்க இன்ஜின் சூட்டில் வெந்துவிட்டு வந்து, அதன் கீழே நின்று விசிலடிப்பார். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. குளியல் சத்தம் தெருவுக்குக் கேட்கும்.

அடுத்த வாரம் தண்ணீர் பழையபடி கொட்ட ஆரம்பித்தது. 'புதுசுல அப்படித்தான் இருக்கும், இப்ப செட் ஆயிடுச்சு' என்றார். அதோடு வாசனையும் வந்தது, அரிப்பும் வந்தது.

"தண்ணியில மறுபடி மருந்து வாசனை வருதுங்க," என்று சொன்னாள்.

"உன் மூக்குலயே தங்கிப்போச்சு அது. பஸ்ல எனக்கு டீசல் வாசனை தங்கலையா, அப்படித்தான்," என்றார். பிறகும் சொன்னபோது சிரித்தார். "வந்துட்டாடா மோப்பக்காரி!"

அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. மகள், மாப்பிள்ளை, நாத்தனார், எல்லோருக்கும் அவள் மோப்பக்காரி. டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவதற்கு முன் மூக்கருகே நிறுத்தினால் போதும், வீடே சிரிக்கும். அவளும் சேர்ந்து சிரித்தாள். டாக்டரிடம் போனபோது அவளே சொன்னாள்: "எனக்கு மூக்குல ஏதோ கோளாறு டாக்டர். இல்லாத வாசனை வருது." டாக்டர் மூக்குக்குச் சொட்டு மருந்தும் முதுகுக்குக் களிம்பும் எழுதிக் கொடுத்தார்.

களிம்பைக் கணவர்தான் தினம் தடவிவிடுவார். படுக்கப்போகும் முன் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, முரட்டு விரலை மெதுவாக்கிக்கொண்டு, ஒரு புண் விடாமல் தடவுவார். அந்த விரல்கள்தான் இந்தச் சிவப்புக் கைப்பிடியைத் திருப்பியவை. களிம்பு தடவும்போதும் அவருக்குத் தெரியும்.

அவளுக்குக் கோபம் வந்தது. காலையிலிருந்து வராத அழுகைக்குப் பதிலாக இது வந்துவிட்டதே என்று வெட்கமாகவும் இருந்தது. உள்ளே போய் அவரை உலுக்கி எழுப்பிக் கேட்க வேண்டும் போலிருந்தது. ஒரே ஒரு நாள் முன்னால் தெரிந்திருந்தால் கேட்டிருக்கலாம்.

மகள் அழுது வீங்கிய முகத்தோடு வந்தாள். "அம்மா, அத்தை தேடுறாங்க. அப்பாவைக் குளிப்பாட்டணுமாம். சாயங்காலம் வண்டி வந்துடும்." அம்மாவின் கையில் இருந்ததைப் பார்த்ததும் அவள் பேச்சு நின்றது.

இது என்ன என்று மகள் கேட்கவில்லை. ஏன் திறந்தீர்கள் என்றும் கேட்கவில்லை. அவள் கண் நேராகச் சிவப்புக் கைப்பிடிக்குப் போய்விட்டுத் திரும்பியது.

"உனக்குத் தெரியுமா?"

"அம்மா…"

"தெரியுமா, தெரியாதா?"

"குழந்தையோட வந்திருந்தப்போ ஒரு நாள் பாத்தேன்மா. அப்பா அதைத் திருப்பிட்டு இருந்தாரு. அம்மாகிட்ட சொல்லாதே, ரெண்டு நாள்ல மாத்திடறேன்னாரு. மாத்தியிருப்பார்னு நினைச்சேன். அப்புறம்… சொன்னா வீட்ல சண்டை வருமேன்னு…"

"நீயுந்தானேடி என்னை மோப்பக்காரின்னு கூப்பிட்ட?"

மகள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்பாவுக்காக அழுகிறாளா இதற்காகவா என்று பிரித்துப் பார்க்க அம்மாவுக்குத் தெம்பில்லை. மற்ற நேரமாயிருந்தால் அணைத்துக்கொண்டிருப்பாள். இப்போது கேண்டிலைத் தம்பியிடம் கொடுத்தாள்.

"மாட்டு. மாட்டிட்டு அதைத் திருப்பு."

"இப்பவாக்கா? மச்சானைக் குளிப்பாட்டி முடிக்கட்டும். திருப்பினா தண்ணி ரொம்ப மெதுவா வரும்."

"இப்பத்தான்."

அவன் மாட்டினான். சிவப்புக் கைப்பிடியைக் குறுக்கே திருப்பி, அடைத்திருந்த மற்ற இரண்டு கைப்பிடிகளையும் திறந்தான். காலி உருளைகளுக்குள் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது.

"வாசனையை எடுக்கற கரி உருளை இத்தனை நாள் சும்மா கிடந்தது. முதல்ல கொஞ்சம் கறுப்பா வரும்க்கா. விட்டுட்டா தெளிஞ்சிடும்."

ரப்பர் குழாயின் வாயிலிருந்து முதலில் காற்று வந்தது. பிறகு மை கலந்த மாதிரி கொஞ்சம் வந்தது. பிறகு தெளிந்தது. நூல் மாதிரி, சத்தமே இல்லாமல், தரையில் விழுந்தது. அந்த முதல் வாரத்தில் குளியலறையில் அவர் கையிலிருந்து சோப்பு நழுவி விழுந்தால்கூடச் சமையலறையில் நின்ற அவளுக்குக் கேட்டது. இன்று காலை ஷவர் சத்தத்தில் அவர் விழுந்தது கேட்கவில்லை. இன்னும் குளிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவரைத் தூக்கிவந்து பின்பக்கம் பெஞ்சில் கிடத்தினார்கள். சுற்றிலும் போர்வையைத் திரையாகப் பிடித்தார்கள். குழாயைக் கொடுங்கள் என்று மாப்பிள்ளை கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"நான் ஊத்தறேன்."

நாத்தனார் திரைக்கு வெளியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னம்மா இது, சொட்டுச் சொட்டா வருது? இப்படி வந்தா எப்ப முடியறது? என் தம்பிக்குத் தண்ணின்னா கொட்டணும். அது உனக்குத் தெரியாதா?"

"தெரியும் அண்ணி."

"பின்ன? ஃபில்டர்ல ஏதாச்சும் அடைப்பா? உன் தம்பியைப் பாக்கச் சொல்லேன்."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். மகள் அம்மாவின் வாயையே பார்த்தாள். ஃபில்டர் கதையைக் கேட்டவர்கள் பாதிப் பேர் அங்கேதான் நின்றிருந்தார்கள்.

"ஃபில்டர் நல்லாத்தான் இருக்கு," என்றாள் அவள். "அவர் போட்டது. மெதுவாத்தான் வரும்."

குழாயை அவர் நெற்றிக்கு மேலே பிடித்தாள். தண்ணீர் நரைத்த முடியில் இறங்கி, காதோரம் ஓடி, தோளை எட்டுவதற்கே வெகுநேரம் ஆயிற்று. போர்வை பிடித்திருந்தவர்கள் கை மாற்றிக்கொண்டார்கள். மாப்பிள்ளை இரண்டு தரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் நெஞ்சு நனைந்ததும் அவள் வலது கைக்குப் போனாள். மடங்கியிருந்த விரல்களைத் தன் இடது கையால் நிமிர்த்தி, ஒவ்வொரு விரலாக நனைத்தாள்.

பிறகு அந்த ஈரக் கையை எடுத்துத் தன் மூக்கருகே வைத்து, எல்லோரும் பார்க்க, ஆழமாக ஒரு முறை மூச்சை இழுத்தாள். மருந்து வாசனை துளியும் இல்லை. யாரும் சிரிக்கவில்லை.